பாரிஸ் பேராசிரியரும் சாது அமீபாவும்

(நுண்ணுயிர்த் தொடர் – சீதபேதி, இரண்டாம் பகுதி)

1925-இல் பாரிஸ் மருத்துவ அகாதெமியின் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் எமில் பிரம்ப்ட். பாரிஸ் மருத்துவப் பீடத்தில் ஒட்டுண்ணியியல் பேராசிரியர். இளமையில் ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்த ஒரு பயணக் குழுவோடு அலைந்து, தூக்க நோயையும் அதைப் பரப்பும் ஈக்களையும் நேரில் ஆராய்ந்தவர். அவர் எழுதிய ஒட்டுண்ணியியல் பாடநூலைப் பிரெஞ்சு மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். ஆகவே கட்டுரையை எழுதியவர் யாரோ எவரோ அல்ல. ஆனாலும் அதில் அவர் சொன்னதை ஏற்க அன்றைக்குப் பெரும்பாலோர் தயாராக இல்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான்: சீதபேதியை உண்டாக்குகிறது என்று நாம் அஞ்சும் அமீபா உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று குடற்சுவரைத் துளைத்து இரத்தப்போக்கை உண்டாக்கும். மற்றொன்று அதே குடலில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தாலும் யாருக்கும் தீங்கு செய்யாது. இரண்டுக்கும் உருவத்தில் வேறுபாடு கிடையாது. இந்தச் சாது அமீபாவுக்கு அவர் ‘என்டமீபா டிஸ்பார்’ என்று பெயர் வைத்தார்.

அறிவியல் உலகம் இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1993-இல். இடையில் 68 ஆண்டுகள். பிரம்ப்ட் 1951-லேயே இறந்துவிட்டார். இத்தனை காலம் ஏன் பிடித்தது என்று பார்ப்பதற்கு முன், இந்தக் கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று பார்த்துவிட வேண்டும்.

சென்ற பகுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவர் ஃபியோதர் லோஷைச் சந்தித்தோம். ஆர்க்காங்கெல் பகுதியிலிருந்து வந்த இளம் விவசாயி ஒருவரின் மலத்தில் அமீபாக்கள் நெளிவதைப் பார்த்தவர். அவற்றை நாய்களின் குடலுக்குள் செலுத்திப் பார்த்தவர். 1875-இல் தன் ஆய்வை வெளியிட்டபோது, இந்த அமீபா நோயை நீட்டிக்கிறது, ஆனால் அதுவே மூல காரணம் என்று சொல்ல முடியாது என்று நிதானமாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் காலராவை ஆராய்ந்துகொண்டிருந்த டிமதி லூயிஸும் டேவிட் கன்னிங்ஹாமும் மனித மலத்தில் அமீபாக்களைக் கண்டிருந்தார்கள். அவை பெரும்பாலும் தீங்கற்றவை என்பது அவர்கள் எண்ணம்.

கல்கத்தாவும் சரி, பீட்டர்ஸ்பர்க்கும் சரி, பொய் சொல்லவில்லை. இரு தரப்பும் பார்த்தவை வேறுவேறு உயிர்களாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம்தான் அன்று யாருக்கும் எழவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் குற்றச்சாட்டு வலுத்தது. 1883-இல் காலராவைத் தேடி எகிப்துக்குப் போன ராபர்ட் கோக், சீதபேதியால் இறந்தவர்களின் குடல் திசுவிலும் கல்லீரல் சீழ்க்கட்டியின் ஓரத்திலும் அமீபாக்களைக் கண்டார். அலெக்சாண்ட்ரியாவில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் ஸ்டெஃபனோஸ் கார்டுலிஸ் 1886-இல் நூற்றுக்கும் அதிகமான சீதபேதி நோயாளிகளிடம் அவற்றைக் கண்டதாக அறிவித்தார். 1891-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கவுன்சில்மனும் லஃப்ளூரும் அமீபா சீதபேதியைத் தனி நோயாகவே விவரித்தார்கள். ஆனால் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களின் மலத்திலும் அமீபாக்கள் தென்பட்டுக்கொண்டே இருந்தன. அவர்களை என்ன செய்வது?

முதல் விடையைத் தந்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் ஃபிரிட்ஸ் ஷௌடின். 1903-இல் அவர் குடல் அமீபாக்களை இரண்டாகப் பிரித்தார். தீங்கற்றது என்டமீபா கோலை. தீயது என்டமீபா ஹிஸ்டோலிடிகா. மேகநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராக 1905-இல் உலகப் புகழ் பெற்று, 1906-இல் 34 வயதிலேயே இறந்துபோனவர் இவர். ஹிஸ்டோலிடிகா நுண்ணிய வித்துகள் மூலம் பரவுகிறது என்று அவர் எழுதியது தவறு. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். ஆனால் அவர் போட்ட கோடு சரியான இடத்தில்தான் விழுந்தது.

அந்தக் கோட்டை இன்றும் எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் பார்க்கலாம். அமீபா குடலுக்குள் நடமாடும்போது ஓர் உருவம். வெளியேறும் நேரத்தில் உருண்டு, சுற்றிலும் ஓர் உறை போட்டுக்கொள்ளும். அதைத்தான் லேப் அறிக்கைகளில் ‘சிஸ்ட்’ என்கிறார்கள். தண்ணீரோடும் உணவோடும் அடுத்த மனிதரின் வாய்க்குப் போய்ச் சேருவது இந்த சிஸ்ட்தான். கோலையின் முதிர்ந்த சிஸ்ட் பெரியது. உள்ளே எட்டு உட்கருக்கள். ஹிஸ்டோலிடிகாவின் சிஸ்ட் 10 முதல் 16 மைக்ரான் வரை குறுக்களவு உள்ளது, நான்கே உட்கருக்கள். அயோடின் ஒரு சொட்டு விட்டு, பொறுமையாக எண்ணத் தெரிந்தால் போதும். எட்டு இருந்தால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம். நான்கு இருந்தால் மருந்து. நெடுங்காலம் இதுவே விதியாக இருந்தது.

இந்தக் கோட்டை மனிதர்கள்மீதே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அதைப் பற்றி எழுதும்போது மனம் இருகூறாகிறது. மணிலாவில், அமெரிக்கக் காலனி ஆட்சியின் கீழ் இருந்த பிலிபித் சிறைச்சாலை. 1913-இல் எர்னஸ்ட் வாக்கரும் ஆண்ட்ரூ செல்லர்ட்ஸும் கைதிகளுக்கு அமீபாக்களை விழுங்கக் கொடுத்தார்கள். நோய் வரக்கூடும் என்பதை விளக்கி ஒப்புதல் பெற்றோம் என்று எழுதியிருக்கிறார்கள். சிறைச் சுவருக்குள் தரப்படும் ஒப்புதலை எந்த அளவுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது? அதே பிலிபித் சிறையில் 1906-இல் காலரா தடுப்பூசிச் சோதனை ஒன்றில் பிளேக் கிருமி கலந்துபோய் 13 கைதிகள் இறந்திருந்தார்கள். ஏழாண்டுகூட ஆகாத சாவு அது. அதை அறிந்த கைதி ஒருவர் மறுத்துவிட முடியும் என்று நம்பியிருப்பாரா?

ஆய்வின் முடிவுகளோ மிகத் தெளிவானவை. நீரிலும் மண்ணிலும் தனியே வாழும் அமீபாக்கள் யாருடைய குடலிலும் தங்கவில்லை. கோலை தங்கியது, எவருக்கும் சீதபேதி வரவில்லை. ஹிஸ்டோலிடிகாவை விழுங்கியவர்கள் 20 பேர். அவர்களில் 18 பேரின் குடலில் அது குடியேறியது. சீதபேதி கண்டது 4 பேருக்கு மட்டும். அதுவும் உடனே இல்லை: ஒருவருக்கு 20 நாள் கழித்து, மற்றவர்களுக்கு 57, 87, 95 நாள் கழித்து.

ஷௌடினின் பிரிவினை உறுதியாயிற்று என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் எண்களை மறுபடி பார்க்க வேண்டும். 18 பேரில் 14 பேர் நலமாகவே இருந்தார்கள். ‘தீய’ அமீபா அவர்களிடம் ஏன் அடங்கிக் கிடந்தது? மனிதர்களின் உடல்வாகு வேறுபட்டதாலா? அமீபா வேறுபட்டதாலா? பிலிபித் கைதிகள் நோயைச் சுமந்து கொடுத்த பதிலில் இந்தக் கேள்வியும் சேர்ந்தே இருந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளில் ‘உடல்வாகுதான்’ என்ற பதிலே பாடநூல்களில் ஆட்சி செய்தது.

முதல் உலகப் போர் இந்தக் கேள்வியைப் பெரிதாக்கியது. எகிப்து, மெசபொட்டேமியா, கல்லிப்போலி முனைகளில் சீதபேதி படைகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. அலெக்சாண்ட்ரியாவில் வென்யனும் ஓகானரும் ஆயிரக்கணக்கான மல மாதிரிகளைப் பார்த்தார்கள். வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாத சிப்பாய்களிடமும், சமையல்காரர்களிடமும் நான்கு உட்கரு சிஸ்ட்கள் இருந்தன. ஈக்கள் அவற்றைச் சுமந்து செல்வதையும் கண்டார்கள். அதைவிட வியப்பானது பிரிட்டனில் நடந்தது. கடல் கடந்து எங்கும் போயிராத மனிதர்களின் மலத்திலும் அதே சிஸ்ட்கள். அமீபா சீதபேதியோ அந்த நாட்டில் அபூர்வம்.

பிரம்ப்டின் வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. வெப்ப நாடுகளில் சீதபேதி அதிகம். ஐரோப்பாவில் சீதபேதி குறைவு, சிஸ்ட் சுமப்பவர்கள் மட்டும் எங்கும் இருக்கிறார்கள். ஒரே உயிரினம் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர் பூனைக்குட்டிகளிலும் சோதித்தார். சீதபேதி நோயாளியிடமிருந்து எடுத்த அமீபா பூனைக்குட்டியின் குடலைப் புண்ணாக்கும். ஆரோக்கியமான ஐரோப்பியரிடமிருந்து எடுத்தது ஒன்றும் செய்யாது. அப்படியானால் இவை இரண்டு உயிரினங்கள். யூகோஸ்லாவியாவில் சிமிச் இதே வழியில் போய்ப் பிரம்ப்டின் பக்கம் நின்றார். அவ்வளவுதான் ஆதரவு.

எதிர்ப்பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர் லண்டனின் கிளிஃபோர்ட் டோபெல். மனிதனில் வாழும் அமீபாக்களைப் பற்றி 1919-இல் அவர் எழுதிய நூல்தான் இந்தத் துறையின் அடித்தளம். அறுவைக் கத்தி போன்ற மொழிநடை. ஆதாரம் இல்லாத சொல்லைப் பக்கத்தில் விடமாட்டார். உருவத்தில் எந்த வேறுபாடும் காட்ட முடியாத இரண்டை எப்படி இரண்டு உயிரினங்கள் என்பது என்று அவர் தரப்பு கேட்டது. ஹிஸ்டோலிடிகா எப்போதும் திசுவைத் தின்றுதான் வாழும். நலமாகத் தெரிபவரின் குடலிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு புண்கள் இருக்கும், உண்டாகும் வேகத்திலேயே அவை ஆறிவிடுகின்றன என்பது அவர்கள் விளக்கம்.

டோபெலைப் பிடிவாதக்காரர் என்று இன்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயம் ஆகாது. உயிரினங்களை உருவத்தால் பிரிப்பதுதான் அன்றிருந்த ஒரே நம்பகமான வழி. இன்னொன்றும் இருக்கிறது. ‘உங்கள் குடலில் இருப்பது சாதுதான்’ என்று ஒரு மருத்துவர் சொல்லி அது பொய்த்துப்போனால், விலை கொடுப்பவர் நோயாளி. எல்லோரையும் ஆபத்தானவர்களாகக் கருதுவதே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்குப் பின்னால் அக்கறையும் இருந்தது.

அந்த அச்சத்தை 1933-ஆம் ஆண்டின் சிகாகோ இன்னும் ஆழமாக நட்டுவிட்டது. நகரில் உலகக் கண்காட்சி. நாடெங்கிலும் இருந்து வந்த கூட்டம் ஓட்டல்களில் தங்கியது. ஊர் திரும்பியவர்கள் பல மாநிலங்களில் சீதபேதியோடு மருத்துவர்களிடம் போனார்கள். வெப்ப நாட்டு நோய் என்று நினைக்கப்பட்டதைச் சிகாகோவில் தங்கியவரிடம் யார் எதிர்பார்ப்பார்கள்? குடல்வால் அழற்சி என்றும் வேறு பெருங்குடல் நோய் என்றும் கருதிச் சிலருக்கு வயிற்றைக் கிழித்தார்கள்; அந்த அறுவையே அவர்களில் பலரின் முடிவாயிற்று. கேளிக்கை விடுதிகளின் அரசி என்று பெயர் பெற்ற நடிகை டெக்சஸ் கைனன் சிகாகோவில் நிகழ்ச்சி நடத்திவிட்டுப் போய், நவம்பரில் வான்கூவரில் அமீபா சீதபேதியால் இறந்தார். மொத்தம் 1,409 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 98 பேர் இறந்ததாகவும் கணக்கிட்டார்கள்.

முதலில் சந்தேகம் விழுந்தது ஓட்டல் சமையலறைத் தொழிலாளர்கள்மீது. அவர்களின் மலத்தைப் பரிசோதித்ததில் சிஸ்ட் சுமப்பவர்கள் வரிசையாக அகப்பட்டார்கள். பிறகுதான் பொறியாளர்கள் குழாய்களைத் தடவிப் பார்த்தார்கள். அடுத்தடுத்து இருந்த இரண்டு ஓட்டல்களின் பழைய குழாய் அமைப்பில் கழிவுநீர் குடிநீரோடு கலந்துகொண்டிருந்தது. தொழிலாளர்களில் பலர் அந்த நீரையே குடித்துத் தொற்றைப் பெற்றிருக்கலாம். வேறு பலர் சுமந்தது டிஸ்பாராக இருந்திருக்கலாம். நான்கு உட்கரு என்ற ஒற்றைச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு அன்று இதைப் பிரித்தறிய வழியே இல்லை.

இப்படியே போயிற்று காலம். 1966-இல் டர்பனில் பாவெல் குழுவினர் மெட்ரோனிடசோல் அமீபா சீதபேதியையும் கல்லீரல் கட்டியையும் குணமாக்குவதைக் காட்டினார்கள். மருந்து மலிவானது, வாய்வழி தரலாம். சிஸ்ட் தெரிந்தால் மாத்திரை என்பது உலக வழக்கமாயிற்று. 1980-களின் நடுவில் வெளியான மதிப்பீட்டின்படி உலகில் 48 கோடிப் பேரின் குடலில் ‘ஹிஸ்டோலிடிகா’ இருந்தது. ஆண்டுக்கு இறந்தவர்கள் 40,000 முதல் 1,10,000 வரை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். பிலிபித் சிறையில் எழுந்த கேள்வி அப்படியே, பல கோடி மடங்கு பெருகி நிற்கிறது.

பதில் நுண்ணோக்கியிலிருந்து வரவில்லை. வளர்ப்புக் குடுவையிலிருந்து வந்தது. குடல் அமீபா பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. பாக்டீரியா இல்லாமல் அதைத் தனியே வளர்க்கப் பலர் முயன்று தோற்றார்கள். 1961-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் லூயிஸ் டயமண்ட் அதைச் சாதித்தார். அப்போதும் ஒரு விசித்திரம்: நோயாளிகளிடமிருந்து எடுத்தவை இந்த ஊடகத்தில் பழகிவிடும், நலமாக இருப்பவர்களிடமிருந்து எடுத்தவை பெரும்பாலும் செத்துப்போகும். 1973-இல் மெக்சிகோவின் மார்டினெஸ்-பலோமோ, ஒரு தாவரப் புரதத்தைச் சேர்த்தால் நோய் தரும் அமீபாக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, மற்றவை திரள்வதில்லை என்று காட்டினார். தோற்றம் ஒன்று என்றாலும் மேற்பரப்பில் ஏதோ வேறு.

பிறகு பீட்டர் சார்ஜண்ட். லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவரும் சக ஆய்வாளர்களும் அமீபாவை நசுக்கி, அதன் சாற்றை ஸ்டார்ச் ஜெல்லில் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒரே வேலையைச் செய்யும் நொதி உயிரினத்துக்கு உயிரினம் சற்றே மாறுபட்டிருக்கும். ஜெல்லில் ஓடும் வேகமும் மாறும். சாயம் இட்டால் கோடுகளாகத் தெரியும். 1978 முதல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: நோயாளிகளிடமிருந்து எடுத்த அமீபாக்களில் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி வேகமாக ஓடுகிறது, பாஸ்போகுளுகோமியூட்டேஸ் நொதியின் கோடுகளும் வேறு. நலமானவர்களிடமிருந்து எடுத்தவற்றில் பெரும்பான்மை இன்னொரு முறையில் அமைந்திருக்கின்றன.

ஒரு நாட்டின் மாதிரிகளோடு அவர் நிறுத்தவில்லை. அடுத்த பத்தாண்டில் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான அமீபாக்கள் அவர் ஜெல்களில் ஓடின. கோடுகள் மறுபடி மறுபடி இரண்டு கூட்டமாகவே பிரிந்தன. சலிப்பில்லாமல் ஒரே சோதனையைச் செய்துகொண்டே போகும் இப்படிப்பட்ட உழைப்புக்கு விருதுகள் அதிகம் கிடைப்பதில்லை. பிரம்ப்டிடம் இல்லாமல் போனது இந்தக் குவியல்தான்.

டர்பனில் கதிராமும் ஜாக்சனும் இந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு மனிதர்களிடம் போனார்கள். தீய வகையைச் சுமந்தவர்களின் இரத்தத்தில், அறிகுறி எதுவும் இல்லாதபோதும், எதிர்ப்பொருள்கள் இருந்தன. மற்ற வகையைச் சுமந்தவர்களிடம் பொதுவாக இல்லை. தீய வகையைச் சுமந்த, நோயற்றவர்களை மருந்து தராமல் கண்காணித்ததில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் சீதபேதி வந்தது. மற்றவர்களின் குடல் தானாகவே அமீபாவை வெளியேற்றிவிட்டது. ஆக, டோபெல் தரப்பிலும் உண்மை இருந்தது. ஹிஸ்டோலிடிகா இருந்தும் நோயில்லாமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் உலகின் சிஸ்ட் சுமப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அந்த வகை அல்லர்.

வெற்றி நெருங்கிய நேரத்தில் ஒரு முட்டுக்கட்டை. 1986-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் மிரெல்மன் குழு, தீங்கற்ற அமீபாவைப் பாக்டீரியா இல்லாத ஊடகத்துக்கு மாற்றியபோது அதன் நொதிக் கோடுகள் மாறி, அது நோய் தரும் வகையாகிவிட்டது என்று அறிவித்தது. அப்படியானால் இரண்டு உயிரினங்கள் என்ற பேச்சே இல்லை. ஒரே உயிர் இரண்டு வேடம் போடுகிறது. கட்டுரையின் ஆசிரியர்களில் லூயிஸ் டயமண்டும் ஒருவர். துறை முழுவதும் குழம்பிப்போயிற்று.

மரபணுக்கள் வேறு சொன்னன. 1989-இல் ஹாம்பர்க் பெர்ன்ஹார்ட் நோக்ட் நிறுவனத்தில் எக்பர்ட் டானிக் குழு இரு வகைகளின் டிஎன்ஏவும் தெளிவாக வேறுபடுவதைக் காட்டியது. டயமண்டின் கூடத்துக்கு வந்து சேர்ந்த கிரஹாம் கிளார்க், ரைபோசோம் மரபணுக்களை ஒப்பிட்டார். அங்கும் இரண்டும் வேறு. வேடமாற்றத்தை விளக்க ஒன்றிரண்டு மரபணுக்கள் மாறினால் போதாது, உடல் முழுவதும் மாற வேண்டும். 1992-இல் கிளார்க்கும் டயமண்டும் சேர்ந்து, அந்த மாற்றம் உண்மையா என்றே கேட்டார்கள். கூடத்திலேயே வளர்ந்துகொண்டிருந்த தீய வகை ஒன்றிரண்டு உயிரணுக்களாகக் கலந்து, சாது வகை செத்தபின் பெருகியிருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது என்பது அவர்கள் முடிவு. தன் பெயர் உள்ள கட்டுரையையே டயமண்ட் இப்படிக் கேள்விக்கு உட்படுத்தினார். இந்த வரலாற்றில் இதைவிட நேர்மையான செயலைக் காண்பது அரிது.

1993-இல் இருவரும் ஹிஸ்டோலிடிகாவை மறுவரையறை செய்து எழுதினார்கள். நோய் தருவது என்டமீபா ஹிஸ்டோலிடிகா, ஷௌடின், 1903. தராதது என்டமீபா டிஸ்பார், பிரம்ப்ட், 1925. 1997 ஜனவரியில் மெக்சிகோ நகரில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர்கள் இதை நடைமுறை விதியாக்கினார்கள். நுண்ணோக்கியில் மட்டும் பார்த்தால் ‘ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார்’ என்றே அறிக்கை எழுத வேண்டும். டிஸ்பார் மட்டும் என்று தெரிந்தால் மருந்து வேண்டாம். ஹிஸ்டோலிடிகா என்று உறுதியானால், அறிகுறி இல்லாதவருக்கும் மருந்து தர வேண்டும். சிஸ்ட் சுமப்பவர்களில் பத்தில் ஒன்பது பேரிடம் இருப்பது டிஸ்பார்தான் என்ற மதிப்பீடும் இக்காலத்தில் நிலைபெற்றது. அதுவரை தேவையில்லாமல் விழுங்கப்பட்ட மாத்திரைகளை யாரும் எண்ணவில்லை.

சரி, ஒன்று துளைக்கிறது, மற்றொன்று ஏன் துளைப்பதில்லை? ஹிஸ்டோலிடிகாவின் மேற்பரப்பில் ஒரு லெக்டின் புரதம் இருக்கிறது. குடலின் சளிப்படலத்திலும் உயிரணுக்களிலும் உள்ள சர்க்கரைகளை அது பற்றிக்கொள்ளும். டிஸ்பாரிடமும் இதற்கு இணையான புரதம் உண்டு. அமைப்பில் சிறிது வேறு. உயிரணுச் சவ்வில் ஓட்டை போடும் சிறு புரதங்கள் இரண்டிலும் உண்டு, டிஸ்பாரில் குறைவு. புரதங்களைக் கரைக்கும் நொதிகளில் சிபி5 என்ற ஒன்று ஹிஸ்டோலிடிகாவின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. டிஸ்பாரில் அதன் மரபணு சிதைந்து கிடக்கிறது. 2014-இல் வர்ஜீனியாவில் கேத்தரின் ரால்ஸ்டன் குழு கண்டது இன்னும் திகைக்க வைப்பது: ஹிஸ்டோலிடிகா மனித உயிரணுவைக் கொன்றுவிட்டுத் தின்பதில்லை, உயிரோடு இருக்கும்போதே துண்டுதுண்டாகக் கடித்து எடுக்கிறது, அதனால்தான் அந்த உயிரணு சாகிறது.

நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. அவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம், சுடச்சுட வந்த மலத்தில் நடமாடும் அமீபாவின் வயிற்றுக்குள் இரத்தச் சிவப்பணு இருக்கிறதா என்பது. இருந்தால் ஹிஸ்டோலிடிகா என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மாதிரி அரை மணி தாமதமானால் அமீபா செத்து, தடயமும் போய்விடும். சிஸ்டில் இந்த உதவியும் இல்லை. மற்றபடி லெக்டினை அடையாளம் காணும் எலைசா, மரபணுவைத் தேடும் பிசிஆர் என்று போக வேண்டும். டாக்காவில் ரஷிதுல் ஹக்கும் அமெரிக்காவின் வில்லியம் பெட்ரியும் பல்லாண்டுகள் இதற்காகவே கூட்டாக உழைத்தார்கள். புதுச்சேரி ஜிப்மரில் சுபாஷ் சந்திர பரிஜாவும் கிருஷ்ணா கைர்நாரும் இந்த அமீபாக்களை ஒரே சோதனையில் பிரிக்கும் பிசிஆர் முறை ஒன்றை உருவாக்கி 2007-இல் வெளியிட்டார்கள். மலப் பரிசோதனையில் ஒரு சிஸ்ட் தெரிந்த உடனே மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்த மாத்திரை குடற்குழியில் தங்கிய சிஸ்ட்களை நம்பகமாக அகற்றுவதும் இல்லை. அதற்குப் பரோமோமைசின், டைலாக்சனைடு போன்ற வேறு மருந்து வேண்டும்.

எதிர்த் திசையில் தவறினால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் அறியும். அங்கே அமீபா கல்லீரல் சீழ்க்கட்டி நெடுங்கால நோய். காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி என்று வரும் நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் நடுவயதினர், கள் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். கட்டியின் சீழிலும் இரத்தத்திலும் தேடி, காரணம் ஹிஸ்டோலிடிகாதான் என்று யாழ்ப்பாண மருத்துவர்கள் டாக்காவின் ரஷிதுல் ஹக்கோடு சேர்ந்து 2017-இல் மூலக்கூறு ஆதாரத்தோடு நிறுவினார்கள். இந்த மனிதர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி தெரியவரும் நேரத்தில் வயிற்றோட்டமே இருப்பதில்லை. கல்லீரலில் கட்டி இருக்கும்போது மலத்தில் சிஸ்ட் இல்லை என்ற அறிக்கையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

பிரம்ப்டின் இரண்டு இன்றைக்கு இரண்டாக நிற்கவில்லை. 1941-இல் மாஸ்கோ சாக்கடை நீரில் கண்டெடுத்த என்டமீபா மாஷ்கோவ்ஸ்கி என்ற அமீபாவும் இதே நான்கு உட்கரு சிஸ்டைத்தான் போடுகிறது. மனிதனுக்குச் சம்பந்தமில்லாதது என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. 2003-இல் டாக்காவின் மிர்பூர் சேரியில் 109 சிறு குழந்தைகளைப் பிசிஆரில் பார்த்தபோது 23 பேரிடம் அது இருந்தது. ஹிஸ்டோலிடிகா 17 பேரிடம். 2005-இல் பரிஜாவும் கைர்நாரும் புதுச்சேரியிலும் அதைக் கண்டார்கள். சாது என்று எண்ணியிருந்த அது, கைக்குழந்தைகளின் வயிற்றுப்போக்கோடு சேர்ந்து வருவதையும் எலிகளின் குடலைப் புண்ணாக்குவதையும் 2012-இல் டாக்கா ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் அதே நகரத்தின் குழந்தைகளிடமிருந்து இன்னொரு புதிய அமீபா கிடைத்தது. அதற்கு என்டமீபா பங்களாதேஷி என்று பெயர். டிஸ்பாரின் மரபணு கல்லீரல் கட்டியில் தென்பட்டதாக லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த சில அறிக்கைகள் மீது விவாதம் இன்னும் ஓயவில்லை.

அடுத்த பகுதியில் சிகிச்சைக்கு வருவோம்: தென் அமெரிக்கக் காட்டு வேர் ஒன்றிலிருந்து எடுத்த எமெட்டினை, கல்கத்தாவில் 1912-இல் லியனார்ட் ராஜர்ஸ் ஊசிவழியாகச் செலுத்திய கதை.

(தொடரும்)